கர்வ்டு (வளைந்த திரை) மானிட்டர்: காசு வளைவுக்கா, அகலத்துக்கா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது டிவி, மானிட்டர் எல்லாம் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கிவிட்டன என்று செய்தி வந்தது. செய்தி பொய்யில்லை, ஆனால் பாதிதான். அதை நம்பிக்கொண்டு தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடைக்குப் போய் "27 இன்ச் கர்வ்டு, கேமிங்குக்கு வேணும், இப்ப விலை இறங்கியிருக்கணுமே" என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார், கேட்டவருக்கு இவர் நம்மை ஏமாற்றுகிறாரோ என்று தோன்றும். இருவர் மீதும் தப்பில்லை. வரிக் கணக்கை முதலில் முடித்துவிட்டு வளைவுக்கு வருவோம். குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறவருக்கு வரியை விடப் பெரிய குழப்பம் அந்த வளைவுதான்: அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதும் அதுவே, விளையாட்டின் தரத்தை அதிகம் மாற்றாததும் அதுவே.

வரி குறைந்தது எதற்கு, எதற்கு இல்லை

1. 32 அங்குலம் வரையிலான மானிட்டர்களுக்கும் டிவிகளுக்கும் 2019 ஜனவரி 1-ஆம் தேதியே வரி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. 24, 27, 32 அங்குல மானிட்டர் எதுவாக இருந்தாலும் 2025 மாற்றத்தால் ஒரு பைசா வித்தியாசம் இல்லை.

2. 2025-இல் இறங்கியது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு. கேமிங் மானிட்டரில் இதற்குள் வருவது முக்கியமாக 34 அங்குல அல்ட்ராவைடு (வழக்கத்தைவிட அகலம் கூடிய திரை), அதற்கும் பெரியவை. வரிக்கு முன் 25,000 ரூபாய் உள்ள ஒரு 34 அங்குலத் திரை முன்பு 32,000-க்கு வந்தது, இப்போது 29,500-க்கு வர வேண்டும். அதாவது கையில் கொடுக்கும் விலையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைவு. பத்து சதவீதம் குறையவில்லையே என்று சண்டை போட வேண்டாம், கணக்கே அவ்வளவுதான்.

3. "பெங்களூருல வாங்கினா டேக்ஸ் கம்மி" என்பது மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறிய வாட் காலத்துப் பேச்சு. 2017 ஜூலைக்குப் பிறகு ஓசூரில் வாங்கினாலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் வாங்கினாலும் அதே 18 தான். அங்கே விலை குறைவாக இருந்தால் அது கடைக்காரர்களுக்குள் இருக்கும் போட்டியால், வரியால் இல்லை.

பில் இல்லாமல் வாங்கினால் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்வதும் உண்டு. மானிட்டருக்கு வழக்கமாக மூன்று வருட வாரண்டி, அதைக் கேட்கப் போகும்போது சர்வீஸ் சென்டர் முதலில் பார்ப்பது தேதி போட்ட பில். அந்தத் தள்ளுபடிக்கு மூன்று வருடத்தை விற்றுவிடாதீர்கள்.

1500ஆர் என்றால் என்ன

வளைவை 1800ஆர், 1500ஆர், 1000ஆர் என்று எழுதுவார்கள். அந்த எண் ஒரு வட்டத்தின் ஆரம், மில்லிமீட்டரில். தரையில் முளை அடித்து 1.8 மீட்டர் கயிறு கட்டி ஒரு வட்டம் போட்டால் அதன் விளிம்பு எப்படி வளையுமோ அதுதான் 1800ஆர் திரையின் வளைவு. கயிறு குட்டையானால் வட்டம் சிறியதாகும், வளைவு கூடும். ஆக, எண் குறையக் குறைய வளைவு அதிகம். "1800 பெருசுதானே, அதுதான் நல்லா வளைஞ்சிருக்கும்" என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது நேர் எதிர்.

நிஜத்தில் எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். திரையின் இரண்டு ஓரங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் நடுப்பகுதி எத்தனை உள்ளே போயிருக்கிறது என்று கணக்கிடலாம். 24 அங்குலத்தில் 1800ஆர் என்றால் 2 செ.மீ., 27 அங்குலத்தில் 1500ஆர் என்றால் 3 செ.மீ., அதே 27-இல் 1000ஆர் என்றால் நாலரை செ.மீ. 34 அங்குல அல்ட்ராவைடில் 1500ஆர் என்றால் 5 செ.மீ.க்குச் சற்று மேல், 1000ஆர் என்றால் 8 செ.மீ. பெட்டிப் படத்தில் பிறை நிலா மாதிரி வரைந்திருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், 24 அங்குலத்தில் கிடைக்கப்போவது இரண்டு விரல்கூட உள்ளே போகாத வளைவு.

சரி, இதனால் என்ன பயன்? திரையின் எல்லாப் புள்ளியும் கண்ணிலிருந்து சம தூரத்தில் இருக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அது அந்த வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தால் மட்டுமே உண்மை. 1000ஆர் திரைக்கு 1 மீட்டர் தள்ளி, 1800ஆர் திரைக்கு 1.8 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். மேசையில் நாம் உட்காருவது 60, 70 செ.மீ. தூரத்தில். அந்தத் தூரத்துக்கு நிஜமாகவே சமமாக வேண்டுமென்றால் 600ஆர் வேண்டும். தவிர, 60 செ.மீ.யில் உட்கார்ந்தால் தட்டையான 24 அங்குலத் திரையின் ஓரம் 65.6 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, ஐந்தரை செ.மீ.க்குச் சற்று மேல் வித்தியாசம். அதைக் கண் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது.

வளைவின் உண்மையான பயன் தூரத்தில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள பேனல், அதாவது திரைக்குள் படத்தைக் காட்டும் தகடு, பற்றித் தெரிந்தாக வேண்டும்.

பேனல்: இங்கேதான் முடிவு எடுக்க வேண்டும்

பட்ஜெட் மானிட்டர்களில் இப்போது முக்கியமாக இரண்டு வகை எல்சிடி பேனல்: ஐபிஎஸ், விஏ. பழைய டிஎன் வகை அநேகமாக ஒதுங்கிவிட்டது. ஓஎல்இடி இந்த விலைக்கே வராது.

ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது, வேகமும் நன்றாக இருக்கும். குறை என்னவென்றால் கறுப்பு கறுப்பாக இருக்காது. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1, இரவில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடினால் கறுப்பான இடமெல்லாம் சாம்பல் பூசினது போல இருக்கும், மூலைகளில் ஒரு வெளிறிய ஒளி தெரியும்.

விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் சுமார் 3000:1, கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, நேராகப் பார்க்காமல் சாய்ந்து பார்த்தால் இருண்ட நிறங்கள் வெளுத்துப்போகும். இன்னொன்று, இருட்டான நிறத்திலிருந்து அதைவிடச் சற்று வெளிச்சமான நிறத்துக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். இது பற்றிக் கீழே.

வளைந்த பட்ஜெட் மானிட்டர்களில் பெரும்பாலானவை விஏ. ஐபிஎஸ் பேனலை வளைத்தால் அழுத்தத்தால் ஓரங்களில் ஒளி கசிவது கூடும், விஏ வளைவதைக் கொஞ்சம் தாங்கும். விஏவை வளைத்தால் அதன் முதல் குறையும் ஓரளவு மறைகிறது, ஓரங்கள் நம் பக்கம் திரும்பிக்கொள்வதால் சாய்ந்து பார்க்கும் கோணம் குறைகிறது. 60 செ.மீ. தூரத்தில் நடுவில் உட்கார்ந்தால்:

1. தட்டையான 27 அங்குலத் திரையின் ஓரத்தை நாம் பார்ப்பது ஏறக்குறைய 26 டிகிரி சாய்வில். 1500ஆர் வளைவு இருந்தால் அது 16 டிகிரி.

2. தட்டையான 34 அங்குல அல்ட்ராவைடு என்றால் 34 டிகிரி சாய்வு, 1500ஆர் வளைவில் அது 21 ஆகிறது.

3. 24 அங்குலத்தில் தட்டையாக இருந்தாலே 24 டிகிரிதான். 1800ஆர் வளைவில் 16-க்கு இறங்கும், ஆனால் அந்த 24-ஏ பெரிய தொந்தரவு இல்லை.

இதிலிருந்து தெரிவது: 34 அங்குலத்துக்கு வளைவு தேவை, 27-இல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது, 24-இல் அது அழகுக்குத்தான். தட்டையான ஐபிஎஸ் பேனலுக்கு இந்தக் கோணப் பிரச்சினையே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 24 அங்குலத்தில் கர்வ்டு விஏவும் தட்டை ஐபிஎஸ்ஸும் ஒரே விலையில் இருக்கும்போது கர்வ்டை எடுக்க ஒரே காரணம் கறுப்பு நிறம்தான், வளைவு இல்லை. இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

வளைவின் பயன் ஒருவருக்கு மட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே அறையில் மானிட்டரையே டிவியாகவும் வைத்துக்கொண்டு கட்டிலில் இருவர், தரையில் இருவர் என்று படம் பார்க்கிற வீடு என்றால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ஓரம் அவரை விட்டு விலகித் திரும்பியிருக்கும், விஏ வேறு வெளுக்கும். அந்த வீட்டுக்குத் தட்டை ஐபிஎஸ்தான் சரி. பகலில் ஃப்ளெக்ஸ் டிசைன், ஆட்டோகேட் வேலை, இரவில் கேம் என்று ஓட்டுகிறவர்களும் யோசிக்க வேண்டும். நேர்கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் செய்யும் வேலைக்கு வளைந்த திரை சரிப்படாது.

இப்போது விஏயின் இரண்டாவது குறை. 165 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 165 முறை புதுப்பிக்கும் திரை, ஒரு காட்சியை 6 மில்லி விநாடிக்கு ஒருமுறை மாற்றுகிறது. விலை குறைந்த விஏ பேனலில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாற 20 மில்லி விநாடிக்கு மேலேயே ஆவது உண்டு. அதாவது பேனல் ஒரு மாற்றத்தை முடிப்பதற்குள் மூன்று காட்சி கடந்துவிடுகிறது. விளைவு, இருட்டான இடத்தில் ஓடும்போது ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் கறுப்பாக ஒரு இழுப்பு. வேலரன்ட் மாதிரி வெளிச்சமான கேமில் இது அநேகமாகத் தெரியாது. ஜிடிஏ 5-இல் இரவில் வண்டி ஓட்டினால் தெரியும், பேய் கேம்களில் நன்றாகத் தெரியும். சிலரை இது உறுத்தவே உறுத்தாது, சிலரால் ஒருமுறை கவனித்தபின் பார்க்காமல் இருக்க முடியாது.

கடையில் கேம் போட்டுக் காட்டச் சொல்ல முடியாவிட்டாலும் இதைச் சோதிக்க வழி உண்டு. யூடியூபை டார்க் தீமில் திறந்து, கருத்துகள் இருக்கும் பகுதியை வேகமாக மேலும் கீழும் உருட்டுங்கள். எழுத்துக்குப் பின்னால் மங்கலாக, சிலசமயம் ஊதா கலந்தாற்போல ஒரு தடம் இழுபட்டால் அதுதான் இது.

அளவும் பிக்சலும்: 32 அங்குலப் பொறி

1080பி என்றால் 1920 x 1080, சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்). 1440பி என்றால் 2560 x 1440, சுமார் 36.9 லட்சம். 34 அங்குல அல்ட்ராவைடில் வழக்கமாக வருவது 3440 x 1440, சுமார் 49.5 லட்சம்.

திரை பெரிதாகி பிக்சல் எண்ணிக்கை மாறாமல் இருந்தால் ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகும். 24 அங்குலம் 1080பி-யில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.275 மி.மீ., 27 அங்குலம் 1080பி-யில் 0.31, 32 அங்குலம் 1080பி-யில் 0.37. இந்தக் கடைசி வகையைத்தான் "பெரிய கர்வ்டு, குறைந்த விலை" என்று விற்கிறார்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும், தூரத்து எதிரி நாலு கட்டமாகத் தெரிவான். சுவரோரம் வைத்து ஐந்தடி தள்ளி உட்கார்ந்து கன்ட்ரோலரில் விளையாடுகிறவருக்கு அது பரவாயில்லை. மேசைக்கு அதை வாங்கச் சொல்லமாட்டேன், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி.

27 அங்குலம் 1440பி-யில் பிக்சல் 0.233 மி.மீ., காட்சி சுத்தமாக இருக்கும். 27 அங்குலம் 1080பி இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் சமாளிக்கலாம். அப்படித் தள்ளி உட்கார மேசை இடம் தர வேண்டும். மலிவான கர்வ்டு மானிட்டர்களோடு வரும் வி வடிவ ஸ்டாண்டு முன்பின்னாக நிறைய இடம் பிடிக்கும், ஒன்றரை அடி ஆழ மேசையில் வைத்தால் திரை மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். கடைக்குக் கிளம்பும் முன் மேசையை அளந்துகொள்ளுங்கள். இரண்டடிக்குக் குறைவாக இருந்தால் 24-ஓடு நிறுத்துவது நல்லது, இல்லையென்றால் கிளாம்ப் போட்டு மாட்டும் ஆர்முக்கும் காசு ஒதுக்க வேண்டும்.

ஹெர்ட்ஸ், கிராபிக்ஸ் கார்டு, கேபிள்

ரெஃப்ரெஷ் ரேட் என்பது திரை ஒரு விநாடியில் எத்தனை முறை தன்னைப் புதுப்பிக்கிறது என்ற எண், ஹெர்ட்ஸில் சொல்வார்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி 16.7 மில்லி விநாடி நிற்கும், 100-இல் 10, 144-இல் 6.9, 180-இல் 5.6. 60-லிருந்து 100-க்குப் போனால் கிட்டத்தட்ட 7 மில்லி விநாடி மிச்சம், 144-லிருந்து 180-க்குப் போனால் 1.4-க்கும் குறைவுதான் மிச்சம். 60-லிருந்து மாறுகிறவருக்கு அந்த முதல் தாவல் பளிச்சென்று தெரியும், பிந்தையது பெரும்பாலானவருக்குத் தெரியாது. 144-க்கு மேல் உள்ள எண்ணுக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், சும்மா வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, திரை 165 முறை புதுப்பித்தாலும் கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு 50 காட்சிதான் வரைகிறது என்றால் பார்ப்பது 50 தான். பெங்களூரு கம்பெனிகளிலிருந்து கழித்துவிடப்பட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி அதில் ஜிடிஎக்ஸ் 1650 போட்டு ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அந்தக் கார்டுக்கு 1080பி-தான் பொருத்தம். 1440பி-யில் அதைவிட 1.78 மடங்கு பிக்சல் வரைய வேண்டும், புதிய கேம்களில் திணறிவிடும். ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்எக்ஸ் 6600 வரைக்கும் நிம்மதியான இடம் 1080பி. ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1440பி பற்றி யோசிக்கலாம். மானிட்டர் ஐந்தாறு வருடம் இருக்கும், கார்டை அடுத்த வருடம் மாற்றிக்கொள்வேன் என்பவர் முதலிலேயே 1440பி வாங்கிவிடுவது நியாயம்தான், ஆனால் அந்த 'அடுத்த வருடம்' நிஜமாகவே வருமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடாப்டிவ் சிங்க் என்று ஒரு வசதி பெட்டியில் எழுதியிருக்கும், ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்கிறது, என்விடியா ஜி-சிங்க் கம்பேட்டிபிள் என்கிறது. கார்டு ஒரு காட்சியை எப்போது முடிக்கிறதோ அப்போது திரை புதுப்பித்துக்கொள்ளும், அதனால் காட்சி குறுக்கே கிழிவது, தடுக்கித் தடுக்கி வருவது இரண்டும் குறையும். பட்ஜெட் கார்டு வைத்திருப்பவருக்குத்தான் இது அதிகம் உதவும், ஏனென்றால் அவருடைய கேம்தான் 45-க்கும் 90-க்கும் நடுவில் அலைகிறது. இதில் கவனிக்க வேண்டியவை:

1. வேலை செய்யும் வரம்பு. 48 முதல் 165 வரை என்றிருந்தால், வேகம் 48-க்குக் கீழே போகும்போது திரை ஒரே காட்சியை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும். அதற்கு, மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 48 முதல் 75 வரை என்று வரும் மலிவு கர்வ்டுகளில் அது நடக்காது.

2. 2019 ஜனவரிக்குப் பிறகு என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தைய கார்டுகளும் சாதாரண ஃப்ரீசிங்க் மானிட்டரோடு இயங்குகின்றன, ஆனால் பட்ஜெட் மானிட்டர்களில் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வழியாகத்தான். எச்டிஎம்ஐ-யில் மாட்டிவிட்டு 'ஜி-சிங்க் வரவே இல்லை' என்று தேடிக்கொண்டிருப்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

3. பல மாடல்களில் பெட்டியில் போட்டிருக்கும் உச்ச ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மட்டும், எச்டிஎம்ஐ-யில் அது 144 அல்லது 120-ஓடு நின்றுவிடும். பெட்டிக்குள் எந்தக் கேபிள் வருகிறது என்று கேளுங்கள்.

4. விஏ பேனலில் அடாப்டிவ் சிங்க் போட்டால் மெனுவிலும் லோடிங் திரையிலும் வெளிச்சம் துடிப்பது போலத் தெரியலாம். கேம் ஓடும்போது இல்லாமல் அங்கே மட்டும் என்றால் அது அந்த வகை பேனலின் குணம், மாற்றிக் கொடுத்தாலும் அடுத்ததும் அப்படியே இருக்கும்.

லேப்டாப்பில் மாட்டப்போகிறவர் தன் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். 1.4 என்றால் 1080பி-யில் பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸ்தான் எல்லை. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவருக்கு 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து 1440பி உண்டு, வேகம் 120-க்கு மேல் போகாது. அவருக்கு 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் தேவையே இல்லை.

பெட்டியில் போட்டிருப்பதில் தள்ளிவிட வேண்டியவை

1 எம்எஸ்: இதற்குப் பக்கத்தில் எம்பிஆர்டி என்று சிறிய எழுத்தில் இருந்தால் அது பேனலின் வேகம் கிடையாது. பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு அசைவைத் தெளிவாகக் காட்டும் ஒரு வழி, அதைப் போட்டால் திரை மங்கும், பெரும்பாலும் அடாப்டிவ் சிங்க்கும் சேர்ந்து ஓடாது. ஜிடிஜி என்று இருந்தால் நிறம் மாறும் வேகம், அதிலும் மிகச் சாதகமான ஒரு மாற்றத்தைத்தான் அளந்து போடுவார்கள்.

எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் காட்டும் முறை): 'எச்டிஆர் 10 சப்போர்ட்' என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். வெளிச்சம் 250, 300 நிட்ஸ் உள்ள திரையில் எச்டிஆரைப் போட்டால் படம் வெளுக்கும். ஆஃப் செய்துவிடுங்கள்.

மனிதக் கண்ணின் வளைவு, 178 டிகிரி பார்வைக் கோணம், கலர் மாறி எரியும் ஆர்ஜிபி விளக்கு: மூன்றுக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

எந்தக் காசுக்கு எது

விலை வாரத்துக்கு வாரம் ஆடும், தீபாவளிக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி. சுமாராகச் சொன்னால்:

1. பத்தாயிரத்தை ஒட்டி: 24 அங்குலம், 1080பி. தட்டை ஐபிஎஸ் முதல் தேர்வு. இருட்டு அறையில் தனியாகக் கதை கேம் விளையாடுகிறவர் என்றால் கர்வ்டு விஏ. 75 ஹெர்ட்ஸ் கர்வ்டும் இதே விலையில் இருக்கும், அது ஆபீஸ் மானிட்டருக்கு வளைவு கொடுத்தது, தொடவேண்டாம்.

2. 12,000 முதல் 15,000: 27 அங்குலம் 1080பி கர்வ்டு இங்கே நிறைய. கடைகளில் அதிகம் தள்ளப்படுவதும் இதுதான். மேசை ஆழமாக இருந்து, கார்டு சிறியதாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுத்து அடுத்த படிக்குப் போவது மேல்.

3. 16,000 முதல் 22,000: 27 அங்குலம் 1440பி. பட்ஜெட்டில் கர்வ்டுக்கு அர்த்தம் வரத் தொடங்குவது இங்கேதான், 1500ஆர் போதும். 1000ஆர் பிடிக்குமா என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், சிலருக்கு முதல் வாரம் தலை சுற்றும்.

4. 25,000-க்கு மேல்: 34 அங்குல அல்ட்ராவைடு. வரிக் குறைப்பின் பயன் கிடைப்பது இதற்கு. வளைவு இல்லாமல் இதை வாங்கக் கூடாது. ஆனால் 49.5 லட்சம் பிக்சலை ஓட்டும் கார்டு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, மானிட்டருக்குப் பட்ஜெட் போடுகிறவரிடம் அநேகமாக இருக்காது.

எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது

தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல கடைகளில் கர்வ்டு மானிட்டரை ஓடவிட்டுக் காட்டும் அளவுக்கு சரக்கு இருக்காது, சொன்னால் சேலத்திலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வரவழைப்பார்கள். வந்தபின் பிடிக்கவில்லை என்றால் திருப்ப முடியாது. தருமபுரிக்காரர்களுக்கு சேலம் 65 கிலோமீட்டர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு 90, ஓசூர்க்காரர்களுக்கு 40. முன்பின் கர்வ்டே பார்க்காதவர் ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது பஸ் காசுக்கு மோசமில்லை. வாங்குவதை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஆன்லைன் என்றால் மூன்றை முன்கூட்டியே பாருங்கள். ஒன்று, உங்கள் பின்கோடுக்கு டெலிவரி உண்டா. பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கம் உள்ளடங்கிய ஊர் என்றால் பெரிய பெட்டிக்கு இல்லை என்று வரலாம். இரண்டு, வாரண்டி வீட்டுக்கு வந்து பார்ப்பதா, நீங்கள் தூக்கிக்கொண்டு போவதா. நிறுவனத்தின் இணையதளத்தில் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தி வாங்கிய மானிட்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை பெங்களூரு போய்வந்தால் அந்த மிச்சம் காலி. மூன்று, திருப்பி எடுத்துக்கொள்வார்களா, மாற்றிக் கொடுப்பதோடு சரியா. புள்ளி ஒன்று எரியவில்லை என்பதற்காகப் பல நிறுவனங்கள் மாற்றித் தராது, இத்தனை புள்ளிக்கு மேல் என்று கணக்கு வைத்திருப்பார்கள்.

நேரில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தால் பெட்டியைப் படுக்கப் போடாதீர்கள், மேலே யாரும் மூட்டை வைக்க விடாதீர்கள். வளைந்த பேனலின் நடுவில் விழும் அழுத்தம் உள்ளே கண்ணாடியை விரிசல் விடச் செய்யும், வெளியே கீறல்கூட இருக்காது, வாரண்டியும் கிடையாது. பைக்கில் இருவர் நடுவில் வைத்து நெருக்கி வருவதற்கும் இது பொருந்தும்.

வீட்டுக்கு வந்ததும்

1. பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக, பெட்டியில் உள்ள சீரியல் நம்பர் தெரியும்படி எடுங்கள்.

2. ஸ்டாண்டு மாட்டும்போது திரையைத் தெர்மோகோலிலேயே வைத்து மாட்டுங்கள். வெறும் மேசையில் கவிழ்த்தால் முழு எடையும் இரண்டு ஓரத்தில்தான் உட்காரும்.

3. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ஹெர்ட்ஸைப் பாருங்கள். பல நேரம் 60-இலேயே இருக்கும். 165 ஹெர்ட்ஸ் வாங்கி மாதக்கணக்கில் 60-இல் ஓட்டுகிறவர்கள் உண்டு.

4. மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவ் என்று இருக்கும், பேனலை வேகமாக்கும் அமைப்பு. உச்சத்தில் வைத்தால் இழுப்புக்குப் பதிலாக வெள்ளை நிழல் வரும். நடுவில் வைத்துவிடுங்கள்.

5. அறையை இருட்டாக்கி முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு ஓரங்களில் ஒளி கசிகிறதா பாருங்கள், பிறகு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று போட்டு எரியாத புள்ளியைத் தேடுங்கள். ரிட்டர்ன் நாட்கள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

6. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வளைந்த திரையில் பின்னால் இருக்கும் ஜன்னலோ டியூப்லைட்டோ அகலமாக இழுபட்டுத் தெரியும், மேட் பூச்சு இருந்தாலும் அந்த வெளிச்சப் பட்டை போகாது. மேசையைத் திருப்ப முடியாத அறை என்றால் ஜன்னலுக்கு ஒரு கெட்டித் திரைச்சீலை வாங்கிப் போட்டுவிடுங்கள்.